செல்லமா கூப்ட்ட பேரு

இபான்ரி லிங்டோ. இப்ப தூக்கத்துல எழுப்பிக் கேட்டாலும் சொல்லுவேன். சொல்ல வேண்டிய அன்னிக்கி வாய்ல வரல, பாவி எனக்கு.

ஷில்லாங் பொண்ணு. ராஜா அண்ணாமலைபுரத்துல எங்களுது நாலு வீட்டு பில்டிங். மொட்டமாடி ரூம் என்னுது, அதுல ரெண்டு வருஷமா குடியிருந்தா. பியூட்டி பார்லர்ல முடி வெட்ற வேலை. ஞாயித்துக்கெழம என்கூடத்தான் பூசைக்கு வருவா, "ஃப்ளோரா ஆன்ட்டி, ஃப்ளோரா ஆன்ட்டி"ன்னு பின்னாடியே. கீழ் வீட்டு ஃபிரெட்ரிக்குக்கு அவளக் கண்டாலே ஆவாது. ரிட்டயர்டு வாத்தியாரு, பில்டிங்குக்கு செக்ரட்டரி வேற. அவ சமைச்சா நாத்தம்பாரு, சிரிச்சா சத்தம்பாரு.

ஜூன் மாசம் ஒரு சாயங்காலம் படிக்கட்டுல மடக்கிட்டாரு. "சைனா சனியனே, உங்க ஊருக்கே ஓடிப் போடி"ன்னு கத்தி, தோளப் புடிச்சித் தள்ளுனாரு. என் ரெண்டு கண்ணாலயும் பாத்தேன். உருண்டுக்கினே போயி கீழ வுழுந்தா. வலது மணிக்கட்டு ஒடஞ்சி போச்சு. கத்திரி புடிக்கிற கை அது.

இனத்த வெச்சி யாரயாச்சும் கேவலப்படுத்துனா புகார் குடுக்கலாம், கவர்மென்ட்டு அதுக்கு ஒரு குழு போட்ருக்குன்னு பேப்பர்ல படிச்சிருந்தேன். "வேணாம் ஆன்ட்டி"ன்னா. "சும்மா இருடி, நான் கீறேன்ல"ன்னு நாந்தான் இழுத்துக்கினு போனேன். புகார் நின்னுச்சுன்னா அந்தாளு மேல கேஸு, இவ தலை நிமிந்து இதே வீட்ல இருப்பா. நிக்கலன்னா பொட்டியக் கட்ட வேண்டியதுதான். தள்ளுன ஆளு மூஞ்சில தெனம் காலையில எப்டி முழிப்பா?

விசாரணைக்கு சரோஜாதேவின்னு ஒரு மேடம் வந்தாங்க. நல்ல மனுஷி, பொய் சொல்லக் கூடாது. மொதல்ல அந்தப் பொண்ணுக்குத்தான் சேர் போடச் சொன்னாங்க. ஒரே சாட்சி நானு. "அவர் சொன்ன வார்த்தைய அப்படியே சொல்லுங்க"ன்னாங்க.

"சைனான்னாரு மேடம். பெத்த பொண்ணு வயசு அவளுக்கு. மனுஷன் பேசற பேச்சா அது?" மேஜயத் தட்டிக் கேட்டேன்.

ஃபிரெட்ரிக் கோவமே படல. ஃபோன எடுத்து, எங்க பில்டிங் வாட்ஸ்அப் குரூப்பத் தொறந்து மேடம் முன்னாடி வெச்சாரு. "இவங்க எழுதினதையும் கொஞ்சம் பாத்துடுங்க."

மேடம் சத்தமா படிச்சாங்க. 'நம்ம சைனாவுக்கு ஜுரம், கஞ்சி வெச்சிக்கீறேன், நார்த்தங்கா யார்கிட்ட கீது?' 'சைனா, மோட்டர ஆஃப் பண்ணு.' 'சைனா கிறிஸ்மஸ் கேக் செஞ்சிக்கீது, மேல வந்து வாங்கிக்குங்க.' எல்லாம் நான் போட்டது. கடசியா, அன்னிக்கி சாயங்காலம் நான் போட்டது: 'சைனா படில வுழுந்துட்டா, சீக்கிரம் யாராச்சும் ஆட்டோ கூப்புடுங்க.'

"எல்லாரும் செல்லமா கூப்பிடற பேருதான் மேடம்"ன்னாரு ஃபிரெட்ரிக். "விழுந்துட்டான்னு அவங்களே எழுதியிருக்காங்க. தள்ளினேன்னு இப்ப சொல்றாங்க."

"ஐயோ, அவசரத்துல எழுதுனது மேடம்! நான் பாசமாத்தான் கூப்ட்டேன்!" எனக்கே என் கொரலு கேவலமா கேட்டுச்சு.

"இருக்கலாம்மா"ன்னாங்க மேடம். "உங்க வாக்குமூலத்துல எழுதணும். இவங்க முழுப் பேர் சொல்லுங்க."

வாயத் தொறந்தேன். 'இபா'ன்னு ஒண்ணு வந்துச்சு, அதுக்கு மேல வரல. என் பீரோவுல அவ ஆதார் காப்பி கீது, ஒரு நாளுகூட எடுத்துப் படிச்சதில்ல. நான் முழிக்கிறதப் பாத்துட்டு அவளே பேனாவ வாங்கி, எடது கையால கோணல்மாணலா எழுதிக் குடுத்தா.

பத்து நாள்ல லெட்டர் வந்துச்சு, போதிய ஆதாரம் இல்லன்னு. அன்னிக்கே பொட்டியக் கட்டிட்டா. கேட்டாண்ட நின்னு அழுதுக்கினே கேட்டேன், "அப்டி கூப்புடாதீங்கன்னு நீயாச்சும் ஒரு வார்த்த சொல்லிருக்கக் கூடாதாடி?"

கட்டுப் போட்ட கையப் பாத்துக்கினே சொன்னா. "இங்க வர்றதுக்கு முன்னாடி, பெருங்குடி ஹவுஸ் ஓனர்கிட்ட சொன்னேன் ஆன்ட்டி. ரூம் போச்சு."

பெத்தவ மாதிரி பாத்துக்கறேன்னு நெனச்சிக்கினு இருந்தேன். அவளுக்கு நானும் ஹவுஸ் ஓனருதான்.