அந்தோணிசாமி வீட்டு மாடியில் இரண்டு கோடு

1

இந்தக் கதை கோபத்தில் பிறந்தது என்று முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன். அறச்சீற்றம் மாதிரி உயர்ந்த ரகம் எதுவும் இல்லை. செம்பாக்கத்தில் எங்கள் தெருவில் மழைநீர் வடிகாலுக்குப் பள்ளம் தோண்ட வந்த பொக்லைன், பிராட்பேண்ட் கேபிளை ஒரே வாயில் கவ்வி எடுத்துவிட்டுப் போய்ச் சில நாள் ஆகியிருந்தது. கேம்ப் ரோடு முனையில் வெயிலில் நின்றுகொண்டு கஸ்டமர் கேரைக் கூப்பிட்டேன். என் அழைப்பு அவர்களுக்கு எவ்வளவு முக்கியம் என்று ஒரு பெண் குரல் நாற்பது நிமிடம் சொல்லியது. நாற்பத்தோராவது நிமிடத்தில் லைன் போனது. சரி, எழுத்தில் பழிதீர்த்துக்கொள்வோம் என்று வீட்டுக்கு வந்து உட்கார்ந்தேன்.

முதல் வரி இப்படி வந்தது:

"டிஜிட்டல் புரட்சியின் தலைவாசலில் நிற்கும் நம் தேசத்தில்—"

அடித்துவிட்டேன். உள்ளே சிக்னல் இல்லாததால்தான் தலைவாசலில் நிற்கிறோம் என்று அடுத்த வரியில் ஒரு ஜோக் வரும். அது வருவது தூரத்திலேயே தெரிந்தது.

இரண்டாவது:

"பத்ரிநாராயணன் தன் வாழ்க்கையில் ஒரே ஒரு முறைதான் ஓடியிருக்கிறார்."

இதை வைத்துக்கொண்டேன். ஓடுகிற ஆளைக் காட்டினால் எங்கே ஓடுகிறார் என்று வாசகர் தலையைத் தூக்குவார். ஆனால் அவர் எதற்கு ஓடினார் என்று எழுத ஆரம்பித்ததும் கஸ்டமர் கேர்மேல் இருந்த கோபம் கைநழுவிவிட்டது. யார்மேல் கோபப்படுவது என்பதே இப்போது எனக்குப் பிடிபடவில்லை. படித்துவிட்டு நீங்கள் யாரையாவது தேர்ந்தெடுத்தால் எனக்கும் சொல்லுங்கள்.

2

பத்ரிநாராயணன் எங்கள் ஏரிக்கரை நகர் குடியிருப்போர் நலச் சங்கத்தின் செயலாளர். அறுபத்து மூன்று வயது. இன்ஷூரன்ஸ் கம்பெனியில் மேலாளராக இருந்து ஓய்வு பெற்றவர். தெருவிளக்கு எரியவில்லை என்று போய்ச் சொன்னால், "இதை நாம ஒரு பரந்த பார்வையில பாக்கணும்" என்று ஆரம்பிப்பார்.

[முதல் பிரதியில் இவரை வில்லனாக வைத்திருந்தேன். சரிப்படவில்லை. வில்லனுக்குக் கெட்ட எண்ணம் வேண்டும். இவரிடம் இருந்ததெல்லாம் லெட்டர்பேட்.]

நான்கு வருடங்களுக்கு முன்பு, அவருடைய எதிர்வீட்டு அந்தோணிசாமியின் மொட்டைமாடியில் செல்போன் டவர் ஒன்று இருந்தது. அந்தோணிசாமி இந்த ஊர்க்காரர். நாங்கள் மனை வாங்கி வருவதற்கு முன்பே ஏரிக்கரையில் அவருக்கு வீடு உண்டு. திருமுடிவாக்கத்தில் ஒரு பட்டறையில் வெல்டர் வேலை. டவரால் கதிர்வீச்சு என்றார் பத்ரி. நரம்புத் தளர்ச்சி, ஞாபகமறதி என்று கூட்டத்துக்கு ஒன்றாக ஏற்றிக்கொண்டே போனார். ஆட்சியர் அலுவலகத்துக்கு மனு போனது.* எட்டு மாதத்தில் டவரைக் கழற்றிக்கொண்டு போனார்கள். பிள்ளையார் கோயில் மண்டபத்தில் பத்ரிக்குப் பொன்னாடை. இது ஒரு தெருவின் வெற்றியல்ல, மானுடத்தின் வெற்றி என்று அவர் பேசினார். அதை வீடியோ எடுத்து வாட்ஸாப்பில் அனுப்பினோம். போகவில்லை. சக்கரம் சுற்றிக்கொண்டே இருந்தது.

அன்றிலிருந்து எங்கள் நகரில் வீட்டுக்குள் சிக்னல் கிடையாது. பிராட்பேண்ட் போட்டு, வைஃபை வழியாகத்தான் போன் பேசும். கேபிள் அறுந்தால் போனும் செத்த மாதிரிதான்.

* மனுவை எழுதியது நான். "கதிர்வீச்சின் கோரப்பிடியில் கருகும் எம் சந்ததி", "சிட்டுக்குருவிகள் சென்ற திசை எது?" ஆகிய வரிகள் என்னுடையவை. டவர் வருவதற்கு முன்பும் இந்தத் தெருவில் சிட்டுக்குருவியை நான் பார்த்ததில்லை. இதை அடிக்குறிப்பில் ஒளித்து வைத்ததற்குக் காரணம் வெட்கம்தான். உத்தி என்று யாரும் பாராட்ட வேண்டாம்.

3

பத்ரியின் மனைவி பட்டு மாமிக்கு இரண்டு சிறுநீரகமும் வேலை செய்யவில்லை. வாரத்துக்கு மூன்று நாள் டயாலிசிஸ். மூளைச்சாவு அடைந்தவர்களிடமிருந்து கிடைக்கும் சிறுநீரகத்துக்காகப் பெயர் பதிந்து மூன்று வருடம் ஆகிறது. பட்டியலில் அவர் பெயர் மேலே வந்துவிட்டதாக அந்த மருத்துவமனையின் ஒருங்கிணைப்பாளர் ஜெரூஷா இந்த வருடத் தொடக்கத்தில் சொல்லியிருந்தார். விதிகளையும் சொன்னார். எந்த நேரத்திலும் கூப்பிடுவார்கள். பொருத்தம் பார்க்க ஒரே சமயத்தில் மூன்று பேரைக் கூப்பிடுவதும் உண்டு. போனை எடுக்கவில்லையென்றால் அரைமணி நேரம் பார்ப்பார்கள். அப்புறம் அடுத்த பெயர்.

பத்ரி இரண்டு எண் கொடுத்தார். தன்னுடையது, பட்டுவுடையது. ஒரே வீடு, ஒரே கம்பெனி, ஒரே குடும்ப பிளான். மூன்றாவதாக ஒரு எண் இருந்தால் நல்லது என்று ஜெரூஷா கேட்டபோது, "அவசியமில்லைம்மா. நான் சங்கச் செயலாளர். எப்பவும் லைன்ல இருப்பேன்" என்றார்.

இந்த வசனம் நான் எழுதியதல்ல. எழுதியிருந்தால் மிகை என்று அடித்திருப்பேன்.

4

கேபிள் அறுந்ததும் தெரு முழுக்க அந்தோணிசாமியின் மாடிக்குப் போக ஆரம்பித்தது. டவர் நின்ற இடத்தில் ஒரு கான்கிரீட் மேடை மிச்சமிருக்கிறது. அதில் ஏறி ராஜகீழ்ப்பாக்கத்தைப் பார்த்து நின்றால் இரண்டு கோடு சிக்னல் வரும். மனுவில் கையெழுத்துப் போட்ட நாற்பத்தேழு பேரில் நாற்பத்தாறு பேர் அந்தப் படியில் ஏறினோம். அந்தோணிசாமியின் மனைவி கன்னியம்மா, காயப்போட்டிருந்த மிளகாயை மிதிக்காமல் போகச் சொன்னதைத் தவிர வேறொன்றும் சொல்லவில்லை.

பத்ரி மட்டும் ஏறவில்லை. காலை, மதியம், மாலை என்று மூன்று வேளை கேம்ப் ரோடு வரை நடந்துபோய், தவறிய அழைப்பு ஏதாவது உண்டா என்று பார்த்துவிட்டு வந்தார்.

ஐந்தாம் நாள் கன்னியம்மாவே அவர் வீட்டு கேட்டுக்கு வந்தார். போனை எங்களிடம் கொடுத்துவையுங்கள், மாடியில் குடை நிழலில் வைக்கிறேன், மணி அடித்தால் எடுத்துப் பேசி ஓடிவந்து சொல்கிறேன் என்றார். பத்ரிக்கு அந்த வீட்டிலிருந்து ஓர் உதவியை எந்தக் கையால் வாங்குவது என்று தெரியவில்லை. போனில் சங்கத்து விஷயங்கள் நிறைய இருக்கின்றன, ரகசியமானவை என்று சொல்லி அனுப்பிவிட்டார்.

(ரகசியம் என்ன என்று தேடினேன். சங்கத்து ஆவணங்களில் மிக அந்தரங்கமானது செப்டிக் டேங்க் லாரிக்காரரின் நம்பர்.)

5

பதினோராம் நாள், வியாழக்கிழமை. சங்கத்து லெட்டர்பேடில் காரசாரமாக ஒரு புகார் எழுதிக்கொண்டு, ஆட்டோ பிடித்து, மேடவாக்கத்தில் இருக்கும் கம்பெனியின் ஷோரூமுக்குப் போனார் பத்ரி. போனும் லெட்டர்பேடும் ஒரே பையில்.

கவுண்டரில் ஹரிபிரசாத் என்று பேட்ஜ் குத்தியிருந்தவர் கம்ப்யூட்டரைப் பார்த்துவிட்டு, "சார், உங்க கம்ப்ளெயின்ட் க்ளோஸ் ஆயிருக்கே" என்றார்.

"யார் க்ளோஸ் பண்ணினது?"

"உங்க நம்பருக்கு ஓடிபி வந்திருக்கும் சார். ப்ராப்ளம் சரியாகலைன்னா அந்த ஓடிபிய நீங்க திருப்பி அனுப்பணும். அனுப்பலைன்னா சரியாயிடுச்சுன்னு சிஸ்டமே எடுத்துக்கும்."

"சிக்னல் இல்லைங்கறதுதான்யா கம்ப்ளெயின்ட்டே. ஓடிபி எப்படி வரும்?"

"அத நீங்க தனி கம்ப்ளெயின்ட்டா குடுக்கணும் சார்."

இதைப் பரந்த பார்வையில் பார்க்க பத்ரியால் முடியவில்லை. லெட்டர்பேடை எடுக்கப் பைக்குள் கைவிட்டவர் போனைப் பார்த்தார். ஒரே எண்ணிலிருந்து மூன்று தவறிய அழைப்புகள்; ஆட்டோ இரைச்சலில், பைக்குள் அடித்தது காதில் விழவில்லை. 11.07, 11.10, 11.16. மருத்துவமனையின் பொது எண். அப்போது மணி பதினொன்று ஐம்பது.

திருப்பிக் கூப்பிட்டார். எந்தப் பிரிவிலிருந்து அழைத்தார்கள் என்று எதிர்முனை கேட்டது. அதைத்தான் நானும் கேட்கிறேன் என்றார் இவர். எல்லாப் பிரிவுக்கும் வெளியே காட்டுவது இதே எண்தான், பில்லிங்காகவும் இருக்கலாம், டயட்டீஷியனாகவும் இருக்கலாம் என்றது அது. ஜெரூஷாவின் எண் பிஸி. மறுபடி பிஸி. உயிர்போகிற அழைப்பா, ரசீது பற்றிய அழைப்பா என்று தெரியாமல் ஒரு மனிதர் எந்த முகத்தை வைத்துக்கொள்வது? ஒன்று மட்டும் தோன்றியது. பட்டு வீட்டில் தனியாக இருக்கிறாள். ஆட்டோவில் ஏறி, வீட்டுக்கு விரட்டச் சொன்னார். நன்றாகவே விரட்டினார் ஆட்டோக்காரர்.

வேங்கைவாசல் தாண்டி ஆட்டோ எங்கள் தெருவுக்குள் திரும்பிய நொடியில் போன் அடித்தது.

"சார், ஜெரூஷா பேசறேன். எங்க போயிட்டீங்க? காலையிலேருந்து உங்கள—"

அவ்வளவுதான். தெரு முழுங்கிவிட்டது.

வண்டியைத் திருப்பு என்றார் பத்ரி. இரண்டு பக்கமும் வடிகால் பள்ளம். திருப்ப இடமில்லை. இறங்கி ஓடினார். தன் வீட்டைத் தாண்டி, கேட்டில் நின்ற பட்டு மாமியைத் தாண்டி, அந்தோணிசாமி வீட்டுப் படியில் ஏறினார்.

6

அப்போது நான் அந்த மாடியின் ஒரு மூலையில், என் அழைப்பு எவ்வளவு முக்கியம் என்று மறுபடி கேட்டுக்கொண்டிருந்தேன். நைட் ஷிஃப்ட் முடித்து வந்திருந்த அந்தோணிசாமி துணி உலர்த்திக்கொண்டிருந்தார்.

"மூச்சு வாங்குது பாருங்க. மெதுவா சார். இந்த மேடை மேல ஏறுங்க. மூஞ்சிய அந்தாண்ட வெச்சிக்கோங்க. திரும்பினீங்கன்னா ரெண்டு கோடும் பூடும்."

பத்ரி ஏறி நின்றார். ஜெரூஷா பிஸி. காத்திருக்க வேண்டியதாயிற்று. அந்த இடைவெளியை அவரால் தாங்க முடியவில்லை போலிருக்கிறது. ராஜகீழ்ப்பாக்கத்தைப் பார்த்தபடியே, "அந்தோணி, என்னை மன்னிச்சுடு. இந்த டவரை நான்தான்" என்றார்.

"நீங்க இன்னா சார் பண்ணீங்க?"

"மனு குடுத்தோமே. அதனாலதானே எடுத்தான்."

அந்தோணிசாமி ஈரத்துண்டை உதறினார். "எந்த மனு? ரெண்டு கம்பெனி ஒண்ணாயிட்டானுங்க சார். அந்தாண்ட ஒரு டவர் கீது, இது வேணாம்னு கயட்டிக்கினு பூட்டான். உங்க மனு எந்த டேபிளுக்கு அடியில கீதோ."

நான் போனைக் காதிலிருந்து எடுத்துவிட்டேன். பத்ரியின் முகத்தை எப்படி எழுதுவது என்று இன்றுவரை விளங்கவில்லை. குற்றத்தை ஒப்புக்கொள்ள வந்தவரிடம், நீ அவ்வளவு பெரிய ஆளில்லை, போ என்று சொன்னால் அவர் சந்தோஷப்பட வேண்டுமா, அழ வேண்டுமா?

"நிம்மதியும் ஏமாற்றமும் கலந்த ஒரு—" அடித்துவிட்டேன்.

அந்தோணிசாமி துண்டைக் கொடியில் போட்டுவிட்டு, குத்திக்காட்டும் எண்ணம் துளியும் இல்லாமல், "போன இங்க வெச்சிருந்தீங்கன்னா கன்னியம்மா எடுத்திருக்கும்" என்றார்.

லைன் கிடைத்தது. பத்ரி பேசியது மட்டும்தான் எனக்குக் கேட்டது. ஆமாம்மா. பட்டுதான். ஓ பாசிட்டிவ். சரி. புரியறதும்மா. சரி.

வைத்துவிட்டு அந்த மேடையிலேயே உட்கார்ந்தார். ஜெரூஷா சொன்னதை எங்கள் இருவரிடமும் இரண்டு வாக்கியத்தில் சொன்னார். அந்த இரண்டு வாக்கியத்தை நான் எழுத வேண்டிய இடம் இது.

7

எழுதவில்லை. பதிலாக மூன்று முடிவுகள் தருகிறேன். ஒன்று நடந்தது.

அ) சிறுநீரகம் வந்திருந்தது. அன்று முதல் பெயர் பட்டு மாமி. பதினொன்றே முக்கால் வரை பார்த்துவிட்டு அடுத்தவரைக் கூப்பிட்டார்கள். அவர் ஆபரேஷன் தியேட்டருக்குள் போய்விட்டார்.

ஆ) சிறுநீரகம் வந்திருந்தது. ஆனால் பட்டு மாமி மூன்றாவதாக, சும்மா காத்திருப்புக்குத்தான். முதல் ஆளுக்கே பொருந்திவிட்டது. போனை எடுத்திருந்தாலும் பையோடு போய்ப் பையோடு திரும்பியிருப்பார்கள்.

இ) ஃபைலில் இருக்கும் ஆதார் அட்டையின் செராக்ஸ் மங்கலாக இருக்கிறது. இன்னொன்று கொண்டுவரவும்.

பத்ரி கீழே இறங்கியபோது பட்டு மாமி தெருவைக் கடந்து அந்தோணிசாமி வீட்டு வாசலுக்கே வந்திருந்தார். என்னவாம் என்று கேட்டார்.

"செராக்ஸ் சரியா விழலையாம்" என்றார் பத்ரி.

மறுநாள் காலை ஒரு செராக்ஸை எடுத்துக்கொண்டு பஸ் ஏறினார். பொய்யாக இருந்தால் அவ்வளவு தூரம் போவாரா என்று கேட்பீர்கள். உங்களுக்கு பத்ரியைத் தெரியாது. எதையும் முறைப்படி செய்கிறவர். அன்று மாலையே தன் போனைக் கொண்டுபோய்க் கன்னியம்மாவிடம் கொடுத்தார். இப்போதும் அது அங்கேதான், குடைக்கு அடியில் இருக்கிறது.

8

கதையை இங்கே நிறுத்தி, முடிவு உங்கள் கையில் என்று நழுவிவிடத்தான் நினைத்தேன். இந்த மாதிரிக் கதைகளில் அதற்கு அனுமதி உண்டு. ஆனால் ஒரு சிக்கல். பட்டு மாமி நான் எழுதுவதையெல்லாம் படிப்பவர். டயாலிசிஸ் நாற்காலியில் நான்கு மணி நேரம் வேறென்ன செய்வது என்பார். பெயரை மாற்றினாலும், ஊரை மாற்றினாலும் கண்டுபிடித்துவிடுவார்.

இந்தக் கதையை எழுதுவதை, மூன்று முடிவு உட்பட, பத்ரியிடம் சொல்லியிருந்தேன். போன வாரம் மாமி கேட்டருகில் என்னை நிறுத்தினார்.

"எங்காத்துக்காரர் ஓடினதை எழுதிண்டிருக்கேளாமே."

"ஆமா மாமி."

"மூணு முடிவாம். அவரே சொன்னார்."

நான் ஏதோ இலக்கிய உத்தி, பன்முக வாசிப்பு என்று ஆரம்பித்தேன். அவர் அது முடியும்வரை பொறுமையாகக் காத்திருந்தார்.

"செராக்ஸுக்காக யாராவது போனை எதிராத்துல குடுத்து வெப்பாளா?" என்றார். பதிலை எதிர்பார்த்துக் கேட்டதாகத் தெரியவில்லை. "பத்திரிகையில மூணையும் போட்டுக்கோங்கோ. எனக்கு நடந்தத மட்டும் தனியா ஒரு தாள்ல எழுதி, மடிச்சுக் குடுங்கோ. எப்பப் பிரிக்கணும்னு நான் பாத்துக்கறேன். அவர்கிட்ட சொல்ல வேண்டாம்."

எழுதினேன். ஒரே வரி. நேற்றுக் கொடுத்தேன். வாங்கி, பிரிக்காமல், டயாலிசிஸ் ஃபைலுக்குள் வைத்துக்கொண்டார்.

கொடுத்தது சரியா என்று எனக்குத் தெரியவில்லை. நீங்கள் இவ்வளவு தூரம் படித்ததற்கு உங்களுக்கும் சொல்லியிருக்கலாம்தான். ஆனால் அவருக்கு முன்னால் நீங்கள் தெரிந்துகொள்வது முறையல்ல. நீங்கள் வாசகர், சிறுநீரகம் அவருடையது.

இன்று டயாலிசிஸ் நாள். சற்றுமுன் இருவரும் ஆட்டோவில் போனார்கள். ஃபைல் மாமியின் மடியில் இருந்தது.