இருபத்தொன்பது வார்த்தை

கால்களைக் கழற்றாமல் அந்த மேசை வாசலைத் தாண்டாது என்று அவர் இரண்டு முறை சொல்லிவிட்டார். யார் காதிலும் விழவில்லை. பக்கத்து வீட்டுத் தையல்காரர் ஒரு பக்கமும் மகள் மறுபக்கமுமாகப் பிடித்து அதைச் சாய்த்தார்கள், நிமிர்த்தினார்கள், மறுபடி சாய்த்தார்கள். முன்னறையில் அவர் மனைவியைக் கிடத்த இடம் வேண்டியிருந்தது.

"மாமா, கீழ வைங்க. அப்பா ஏதோ சொல்றாரு."

"நாலு போல்ட்டும்மா. நான்தான் மாட்டினேன்" என்றார்.

ஸ்பேனர் தேடி எடுத்துவந்து அவரே மண்டியிட்டுக் கழற்றினார். விடியும் முன்பு மனைவி, "நெஞ்சை அடைக்குதுங்க, கொஞ்சம் தண்ணி" என்று கேட்டாள். அவர் தம்ளரோடு திரும்பி வருவதற்குள் முடிந்துவிட்டது. அதற்குப் பிறகு கைக்கு வேலை என்று ஒன்று கிடைத்தது இப்போதுதான். நான்காவது போல்ட்டை வேண்டுமென்றே மெதுவாகத் திருகினார்.

மேசைமேல் அவள் நேற்று மாலை வெட்டிவைத்த சொல் அட்டைகள் கிடந்தன. ஓய்வு பெற்று நான்கு வருடம் ஆகியும் செவ்வாய்க்கிழமைகளில் பள்ளிக்குப் போய், படிக்கத் திணறும் ஒன்றாம் வகுப்புப் பிள்ளைகளோடு உட்கார்ந்துவிட்டு வருவாள். மகள் அட்டைகளை ஒரு பையில் போட்டுக் கட்டினாள்.

பத்து மணிவாக்கில் ஆசிரியைகள் வரத் தொடங்கினார்கள். வயதான ஒருத்தி பக்கத்தில் இருந்தவளிடம் தாழ்ந்த குரலில், "இவர்தான் நிமிஷக்காரர்" என்றாள். அவருக்குக் கேட்டது. அந்தப் பட்டப்பெயருக்கு முப்பத்தாறு வயது.

அப்போது அவர் வாசிப்புத் திட்டத்தின் ஆய்வாளர். சின்ன வகுப்புகளில் பிள்ளைகள் எழுத்துக்கூட்டவே தடுமாறும் பள்ளிகளுக்கு அரசு நிதி கொடுத்தது. கதைப் புத்தகங்கள், பட அட்டைகள், வகுப்புக்கு ஒரு துணை ஆசிரியை. வருடத்துக்கு ஒருமுறை ஆய்வாளர் போய்ப் பத்துப் பிள்ளைகளைத் தனித்தனியாகக் கூப்பிட்டு ஒரு நிமிடம் படிக்கச் சொல்வார். ஆறு பேராவது முப்பது வார்த்தை படித்தால் நிதி தொடரும். இல்லாவிட்டால் நின்றுவிடும்.

பின்னாளில் அவர் மனைவியானவளின் வகுப்பு ஒரு பட்டறையை ஒட்டி இருந்தது. இரும்பு அடிக்கும் சத்தம் நிற்கும் இடைவெளிகளில்தான் பிள்ளைகளின் குரல் கேட்கும். கைகளைக் கட்டிக்கொண்டு கரும்பலகைக்குப் பக்கத்தில் நின்றிருந்தாள். இருபத்தாறு வயது இருக்கும். முழங்கைவரை சுண்ணப்பொடி. ஒன்பது பிள்ளைகள் முடிந்தபோது ஐந்து பேர் தேறியிருந்தார்கள்.

பத்தாவது, முன்பல் விழுந்த ஒரு சிறுமி. நன்றாகத்தான் ஆரம்பித்தாள். மதில்மேல் பூனை உட்கார்ந்திருக்கும் படம் வந்ததும் நிறுத்தி அவரை நிமிர்ந்து பார்த்தாள்.

"எங்க வீட்டுப் பூனையும் இப்படித்தான் சார். நான் குளிச்சிட்டு வந்தா கிட்டயே வராது. அழுக்கா இருந்தாத்தான் மடியில ஏறும்."

அதன் பெயர், அது பால் குடிக்கும் விதம், அப்பாவின் செருப்பில் அது செய்துவைத்த அசிங்கம் எல்லாம் சொல்லிவிட்டு மறுபடி படிக்கப் போனாள். நிமிடம் முடிந்தது. இருபத்தொன்பது வார்த்தை. பிள்ளை பேசினால் கடிகாரத்தை நிறுத்தக் கூடாது என்று விதிமுறையில் இருந்தது. இருபத்தொன்பது என்றே எழுதினார்.

ஆசிரியை படிவத்தை எட்டிப் பார்த்தாள். "படிக்க வராத பிள்ளைங்களுக்குத்தானே சார் உதவி? படிக்க வரலன்னு அதை நிறுத்தினா எப்படி?"

"விதி அப்படிம்மா."

"யாரோட விதி சார்? பிள்ளைங்களோடதா?"

அவர் அறிக்கையோடு தனியாக ஒரு கடிதம் வைத்தார். பின்தங்கிய பள்ளிக்கு நிதியை நிறுத்துவது, காய்ச்சல் குறையவில்லை என்று மருந்தை நிறுத்துவது போல என்று எழுதினார். மேலதிகாரி அவரைக் கூப்பிட்டு, "ஆய்வாளருக்கு உவமை எதுக்கு?" என்று கேட்டார். இரண்டு வருடம் கழித்து விதிமுறையை மாற்றினார்கள். அதற்குள் அந்தப் பள்ளிக்குப் புத்தகம் வருவது நின்று, துணை ஆசிரியையையும் வீட்டுக்கு அனுப்பியிருந்தார்கள்.

மாற்றம் வந்த சேதியைச் சொல்லத்தான் மறுபடி போனார். அது முடிந்த பிறகும் போனார். கடைசிப் பெஞ்சில் முழங்கால் இடிக்க உட்கார்ந்து அவள் பாடம் நடத்துவதைக் கேட்டார். அந்த வருடமே கல்யாணம்.

முப்பத்து நான்கு வருடத்தில் அவள் எல்லாவற்றுக்கும் சண்டை போட்டிருக்கிறாள். உப்புக்கு, மின்விசிறிக்கு, அவர் குறட்டைக்கு. கோபம் வந்தால் "நிமிஷக்காரரே" என்றுதான் கூப்பிடுவாள். ஆனால் அன்று குறைந்துபோன அந்த ஒற்றை வார்த்தையைப் பற்றி ஒருநாளும் கேட்டதில்லை. கேட்டால் சொல்வதற்கு அவர் ஒரு பதில் வைத்திருந்தார். நாளாக ஆக அதுவும் மறந்துபோனது.

நண்பகலுக்குக் கொஞ்சம் முன்னால் அஞ்சலகச் சீருடையில் ஒரு பெண் வந்தாள். ஐம்பத்தைந்தைத் தாண்டியிருக்கும். உள்ளே போய் வெகுநேரம் நின்றுவிட்டு, வெளியே வந்து அவருக்குப் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்தாள்.

"என்னை அடையாளம் தெரியலல்ல சார்? அக்காவோட வகுப்புல துணை ஆசிரியையா இருந்தேன். பூனை வருஷம்."

அவர் முகத்தைப் பார்த்தார். மெலிந்த ஒரு பெண், சுவரோரம், கையில் பட அட்டைகளோடு நின்றது நினைவுக்கு வந்தது.

"அதுக்கப்புறம் நீங்க..."

"மூணு வருஷம் சும்மா இருந்தேன். அப்புறம் போஸ்ட் ஆபீஸ். கவுண்டர்ல உட்கார்ந்து மத்தவங்களுக்கு ஃபாரம் நிரப்பிக் கொடுக்கிறேன். அதுவும் பாடம் எடுக்கிற மாதிரிதான்." கைக்குட்டையால் முகத்தைத் துடைத்தாள். "உங்க மேல கோவம் இருந்துச்சு சார். உங்க கல்யாணத்துக்குக்கூட நான் வரல. இப்பவும் கொஞ்சம் இருக்கு. மறைச்சு என்ன ஆகப்போகுது?"

"இருக்கட்டும்மா. நியாயம்தான்."

தையல்காரர் இரண்டு பேருக்கும் தேநீர் கொண்டுவந்து கொடுத்துவிட்டுப் போனார். அவள் தம்ளரைக் கையில் வைத்து உருட்டிக்கொண்டிருந்தாள்.

"அக்காகிட்ட ஒரு தடவை கேட்டேன். ஒரு வார்த்தைதானே, கூட்டிப் போட்டிருந்தா என்ன, அப்படிப்பட்ட மனுஷனைப் போய்க் கட்டிக்கிட்டியேன்னு."

அவர் திரும்பவில்லை.

"அக்கா சொன்னாங்க, கூட்டிப் போட்டிருந்தா நான் திரும்பிக்கூடப் பாத்திருக்க மாட்டேன்டி. ஆனா அந்தப் பிள்ளை பூனையைப் பத்திப் பேசினப்ப அந்த மனுஷன் குறுக்க ஒரு வார்த்தை பேசல. படின்னு அதட்டல. வாயைத் திறந்துக்கிட்டுச் சிரிச்சிட்டிருந்தாரு. கடிகாரம் ஓடுறதே அவருக்குத் தெரியல. வந்த ஆபீசருங்கள்ல ஒரு பிள்ளை பேசினதைக் கேட்டவர் அவர் ஒருத்தர்தான்னாங்க."

உள்ளே யாரோ செருமினார்கள். அவர் தம்ளரைக் கீழே வைத்தார். "சிரிச்சேனா?" என்று கேட்டார்.

"எனக்கு எங்க சார் அது ஞாபகம் இருக்கும்? நான் வார்த்தையை எண்ணிட்டிருந்தேன்."

மகள் வந்து, "அப்பா, வண்டி வந்திடுச்சு" என்றாள். அந்தப் பெண்தான் முதலில் எழுந்து, அவர் எழுந்திருக்கக் கை கொடுத்தாள்.

மறுநாள் மகள் வேண்டாமென்று சொல்லியும் அவரே இறப்புப் பதிவு அலுவலகத்துக்குப் போனார். வரிசை நீளமாக இருந்தது. அவர் முறை வந்ததும் எழுத்தர் விவரங்களைக் கேட்டுத் தட்டச்சு செய்து, ஒரு தாளை எடுத்துக் கண்ணாடிக்குக் கீழே நீட்டினார்.

"பிழை ஏதாவது இருக்கான்னு ஒருதடவை படிச்சுப் பாத்துருங்க சார். கையெழுத்துப் போட்டா அப்புறம் மாத்த முடியாது."

அவர் தாளை மேடைமேல் வைத்து நேராக்கினார். ஆள்காட்டி விரலை முதல் எழுத்தின் அடியில் வைத்தார். உதடுகள் அசைய அவள் பெயரைப் படித்தார். அப்பா பெயர், வயது, தொழில். விரல் ஒவ்வோர் எழுத்தாக நகர்ந்தது.

"சரியா இருக்கா சார்?"

அவர் தலையசைத்தார். ஆனால் பேனாவை எடுக்கவில்லை. விரல் மறுபடி முதல் வரிக்குப் போனது. பின்னால் நின்றவர் பையைக் கை மாற்றிக்கொண்டார். எழுத்தர் நாற்காலியில் சாய்ந்துகொண்டு காத்திருந்தார்.