மாவு ஒட்டாத வாசல்

இரண்டாவது மழைக்காலமும் கூடாரங்களின் மேல் பெய்யத் தொடங்கிவிட்டது. தன் மகன் கானிமுக்கும் அபூ ஃபாரிஸின் மகள் ரஸ்மிய்யாவுக்கும் பேசி முடித்த கல்யாணம் இன்னும் நடக்கவில்லையே என்பதுதான் ஃபித்தாவுக்கு மழையைவிடப் பெரிய கவலை.

பேசி முடித்தது சொந்த ஊரான கஃப்ர் நாஸிமில். வாற்கோதுமை அறுப்பு முடிந்ததும் கல்யாணம் என்று இரு வீட்டாரும் ஃபாத்திஹா ஓதி உறுதி செய்தார்கள். பாதி வயல் அறுத்திருந்தபோது போர் மூண்டு, கிழக்குக் குன்றிலிருந்து குண்டுகள் விழ ஆரம்பித்தன. ஊரே அரிவாளை வயலில் போட்டுவிட்டு வடக்கே நடந்தது. ஒரு வாரத்தில் திரும்பிவிடலாம் என்று கோழிகளுக்குத் தண்ணீர் வைத்துவிட்டு வந்தவர்களும் உண்டு. எல்லை தாண்டி லெபனான் பக்கம் வந்து, நிவாரணக்காரர்கள் கொடுத்த கூடாரங்களில் தங்கினார்கள். தங்கியவர்கள் தங்கியவர்கள்தான்.

கஃப்ர் நாஸிமின் மணப்பெண், புருஷன் வீட்டுக்குள் கால் வைக்கும் முன், பச்சை இலை செருகிய புளித்த மாவு உருண்டையை வாசலின் மேல்கல்லில் ஓங்கி ஒட்டுவாள். ஒட்டி நின்றால் வாழ்வு நிற்கும். முகாமில் ஒரு கல்யாணம் நடந்தது. ஈரக் கூடாரத் துணியில் மாவு ஒட்டாமல் வழுக்கிச் சேற்றில் விழுந்தது. அந்தப் பெண்ணுக்கு முதல் பிள்ளை தங்கவில்லை. அதற்குப் பிறகு யாரும் கல்யாணப் பேச்சை எடுக்கவில்லை. "என் மக மாவு ஒட்டுறது கல்லுல. துணியில இல்ல. ஊருக்குப் போய்க் கல்யாணம் வச்சுக்கலாம்" என்று சொல்லிவிட்டார் அபூ ஃபாரிஸ்.

ஃபித்தா அப்போது தலையாட்டினாள். ஆனால் போன அத்திப்பழக் காலத்தில் கானிம் சிநேகிதர்களோடு எல்லை தாண்டிப் போய் ஊரைப் பார்த்துவிட்டு வந்திருந்தான்.

"வீடெல்லாம் வெடி வச்சுத் தகர்த்துட்டாங்கம்மா. நம்ம வாசல் எதுன்னே தெரியல" என்றான்.

"யார்கிட்டயும் சொல்லிடாதடா. அபூ ஃபாரிஸ் காதுல விழுந்தா, அந்த மனுஷன் நொறுங்கிப் போயிடுவார்."

அவன் சொல்லவில்லை. அவளும் சொல்லவில்லை. ஆனால் மகனுக்கு வயது ஏறுகிறது. ரஸ்மிய்யா தண்ணீர்க் குழாயடியில் அவனைப் பார்த்ததும் தலையைக் குனிந்துகொள்கிறாள். இல்லாத வாசலுக்காக இரண்டு பிள்ளைகளை எத்தனை காலம் காக்க வைப்பது?

ஒரு வெள்ளிக்கிழமை, ஜும்ஆ தொழுகை முடிந்ததும் ஃபித்தா அபூ ஃபாரிஸின் கூடாரத்துக்குப் போனாள். அவருடைய தங்கை ஸப்ஹா தகர அடுப்பில் தேநீர் கொதிக்க வைத்துக்கொண்டிருந்தாள்.

"வா, உம்மு கானிம். நனைஞ்ச கோழி மாதிரி அங்கேயே நிக்காதே. சர்க்கரை கேட்காதே, இல்ல. மத்ததெல்லாம் கேளு" என்றாள் ஸப்ஹா. கானிமின் அம்மா என்பதால் ஃபித்தாவை எல்லோரும் அப்படித்தான் கூப்பிடுவார்கள்.

"மத்ததைத்தான் கேட்க வந்தேன்" என்று ஃபித்தா உட்கார்ந்தாள். "அண்ணே, இந்த மாசமே நிக்காஹ் வச்சுடலாம்."

அபூ ஃபாரிஸ் மணிமாலையை உருட்டுவதை நிறுத்தினார். "எந்த வாசல்ல?"

"என் கூடார வாசல்லதான்."

"ஓஹோ! மாவு எதுல நிக்கும்? உன் மகன் மூக்குலயா?" என்றாள் ஸப்ஹா. "மூக்கும் கொஞ்சம் பெருசுதான்."

ஃபித்தாவுக்குச் சிரிப்பு வரவில்லை. உண்மையைச் சொல்லிவிட்டால் இந்த நிமிடமே பேச்சு முடிந்துவிடும். சொல்ல வாயெடுத்தாள். எதிரே, ஊர் இருக்கும் தெற்குப் பக்கம் பார்த்தே உட்கார்ந்து பழகிவிட்ட அபூ ஃபாரிஸின் முகத்தைப் பார்த்ததும் சொல்லாமல் விட்டுவிட்டாள். யா அல்லாஹ், இவரை உடைத்துவிட்டு என் மகனுக்கு ஒரு வாழ்வா?

எழுந்து வாசலுக்குப் போனாள். வலது கையைத் தலைக்கு மேல் உயர்த்தி, உள்ளங்கையை விரித்துக் காட்டினாள்.

"இதுல ஒட்டட்டும். மாவு காயுற வரைக்கும் நான் பிடிச்சுக்கிட்டு நிக்கிறேன். விழ விடமாட்டேன்."

அபூ ஃபாரிஸ் அவள் கையைப் பார்த்தபடியே இருந்தார்.

"ஊர்ல அந்த வாசல் கல்லு இல்லன்னு உனக்கும் தெரியுமா, உம்மு கானிம்?" என்று மெல்லக் கேட்டார்.

அவள் கை தானாகக் கீழே இறங்கியது. "உங்களுக்கு யாரு சொன்னா?"

"உன் மகன் கூடப் போன பையன்கள்ல ஒருத்தன். உன் வீட்டுக்காரரை அடக்கம் பண்ணின கபர் அங்க இருக்கு. உனக்கு எப்படிச் சொல்றது? கல்யாணத்துக்குச் சரின்னு சொன்னா, ஊர் போச்சுன்னு நானே உன் முகத்துக்கு நேரா சொன்ன மாதிரி ஆயிடுமேன்னுதான் தள்ளிப் போட்டேன்."

ஸப்ஹா கரண்டியைத் தட்டில் போட்டாள். "நல்லா இருக்கு! ஊர் போன சேதி எனக்கும் அப்பவே தெரியும். உங்க ரெண்டு பேரு மனசும் நோகக் கூடாதுன்னு நாலு மாசமா நான் வாயைக் கட்டிக்கிட்டுக் கெடக்கேன். என் வாயைக் கட்டுறது லேசுப்பட்ட வேலையா?"

சொல்லிவிட்டு முக்காட்டால் முகத்தை மூடிக்கொண்டு அழுதாள். மூவரும் அன்றுதான் தங்கள் ஊருக்காகச் சேர்ந்து அழுதார்கள். ஒவ்வொருவரும் மற்றவருக்காகத் தனியே சுமந்ததை இறக்கி வைத்தபோது, அது கொஞ்சம் தூக்கக்கூடியதாக இருந்தது. அப்படித் தூக்க வைப்பதும் இறைவனின் கருணைதான் என்று ஃபித்தா நினைத்தாள்.

அடுத்த வியாழன் மழை விட்டிருந்தது. குலவைச் சத்தம் முகாமின் கடைசி வரிசைவரை கேட்டது. ரஸ்மிய்யா, இரவல் வாங்கிய பட்டு அங்கியில், மாதுளை இலை செருகிய மாவு உருண்டையோடு வந்து நின்றாள். கூடார வாசலுக்கு மேலாக ஃபித்தாவின் உள்ளங்கை விரிந்திருந்தது. பெண்ணுக்கு அதில் ஓங்கி ஒட்ட மனம் வரவில்லை. பூ வைப்பது போல மெதுவாக வைத்தாள்.

"அழுத்தி ஒட்டும்மா. மாமியார் கையை அடிக்க இதைவிட நல்ல நாள் கிடைக்காது" என்றாள் ஸப்ஹா.

எல்லோரும் சிரித்தார்கள். ரஸ்மிய்யா அழுத்தி ஒட்டினாள். குனிந்து உள்ளே போகும்போது, "கை வலிக்குமே மாமி" என்றாள்.

"நீ உள்ளே போ, ராசாத்தி."

வலித்தது. வயலில் உழைத்த கைதான் என்றாலும் சற்று நேரத்தில் தாழத் தொடங்கியது. மாவு காயும்வரை நிற்பதாகச் சொன்ன வாக்கு இருக்கிறதே என்று ஃபித்தா பல்லைக் கடித்துக்கொண்டாள். அப்போது ஸப்ஹா பேசாமல் வந்து அவள் முழங்கையின் கீழே தன் தோளைக் கொடுத்தாள். அவளுக்குப் பின்னால், முன்பு சேற்றில் மாவு விழுந்த அந்தப் பெண்ணும் வந்து, "அடுத்தது நான் நிக்கிறேன்க்கா" என்று கையை நீட்டினாள்.