மால்தாவிலிருந்து வந்த அம்மா

கிளியம்மாளுக்கு வாய் சும்மா இருக்காது. கோவளத்துக் குப்பத்திலிருந்து கூடையோடு வந்து, கேளம்பாக்கத்தில் கட்டடம் எழும்புகிற இடங்களின் தகரக் கொட்டகைகளில் மீன் விற்பவள். மழைக்குக்கூடப் பள்ளிக்கூடப் பக்கம் ஒதுங்காதவள், நாலைந்து வருஷத்தில் தெலுங்கு, இந்தி, பெங்காலி மூன்றையும் வெளுத்து வாங்கினாள். பேரம் பேச வேண்டுமே, வேறென்ன!

பெங்காலி கற்றுக்கொடுத்தவள் சொப்னா. மேற்கு வங்காளத்தில் மால்தா பக்கத்துப் பெண், ஜல்லி சுமக்கிறவள், பதினெட்டு வயதுகூட இருக்காது. கிளியம்மாளை 'மாஷி' என்பாள். சித்தி என்று அர்த்தம். மீன் தலைக்காக மல்லுக்கு நிற்பாள், அப்புறம் அதே தலையைக் குழம்பு வைத்துக் கிளியம்மாளுக்கே சோறு போடுவாள். பெற்ற மகளிடம்கூட கிளியம்மாள் அப்படிச் சிரித்துப் பேசியதில்லை.

கடலுக்குக் கிளம்புகிறவரை எங்கே போகிறாய் என்று குப்பத்தில் யாரும் கேட்கமாட்டார்கள். கேட்டால் போனவர் திரும்பமாட்டார் என்று பயம். மால்தாவிலும் கிளம்பியவரைப் பின்னாலிருந்து கூப்பிடக்கூடாதாம். அதைக் கேட்டதும் இரண்டு பேருக்கும் ஒரே சிரிப்பு. எங்கேயோ இருக்கிற ஊர், புத்தி மட்டும் ஒன்றாயிருக்கிறதே என்று.

ஆவணியில் ஒருநாள் காலை கொட்டகை வாசலில் வெள்ளை வேன் நின்றது. மேஸ்திரி லோகநாதன் சொப்னாவை ஏற்றிக்கொண்டிருந்தான். துணி மூட்டையை மடியில் வைத்துக்கொண்டு அவள் கிளியம்மாளையே பார்த்தாள். கேளேன் மாஷி என்று கெஞ்சுகிற பார்வை. கிளியம்மாளுக்கு எங்கே போகிறாய் என்பது தொண்டைவரை வந்துவிட்டது. கிளம்புகிற பிள்ளையைக் கேட்டால் அவளுக்கு ஆகாதே என்று விழுங்கிவிட்டாள். ஊரையே விலை பேசுகிற வாய், அந்த நேரம் பார்த்தா அடைத்துக்கொள்ள வேண்டும்? வேன் வண்டலூர் ரோட்டில் திரும்பிப் போய்விட்டது.

"வூட்டு வேலைக்கு அனுப்பிகீறேன். நல்ல எடம்" என்றான் லோகநாதன், அவள் கேட்காமலேயே.

அன்றைக்கே சொப்னாவின் செல்போன் அணைந்தது. அதன்பிறகு அவளைப் பற்றிப் பேச்செடுத்தால் கொட்டகைப் பெண்கள் கப்சிப்.

தீபாவளி கழிந்து மழை பிடித்துக்கொண்ட ஒரு மத்தியானம். எல்லோரும் வேலையில் இருந்தார்கள். கொட்டகை வாசலில் நனைந்த புடவையோடு ஒரு அம்மாள் உட்கார்ந்திருந்தாள். சொப்னாவின் ஜாடை அப்படியே இருந்தது. கிளியம்மாள் கூடையை இறக்கி வைத்தாள்.

"கிளிம்மா, இங்க வா" என்று கூப்பிட்டான் லோகநாதன். "இந்தம்மா இன்னாவோ பேசிக்கினு கீது. இன்னான்னு கேட்டுச் சொல்லு."

அந்த அம்மாள் பெங்காலியில் கொட்டித் தீர்த்தாள். "என் பெண்ணை யாரோ வேனில் ஏற்றினானாம். மீன் விற்கிற மாஷி பார்த்தாளாம். இங்கே ஒரு பெண் காதோடு சொல்லிவிட்டு ஓடிவிட்டாள். அந்த மாஷி நீயா?"

லோகநாதன் கிட்டே வந்து நின்றான். "இன்னா சொல்லுது?"

"பொண்ணு போனே எடுக்கலியாம் அண்ணா. பேஜாராகீதாம்."

"அது ஊருக்குத்தான் கெளம்பிச்சின்னு சொல்லு. ரயில் ஏத்தி வுட்டதே நான்தான்."

அன்றைக்கு வீட்டு வேலை, இன்றைக்கு ஊர். கிளியம்மாள் அவன் சொன்னதையே சொல்கிற மாதிரி முகத்தை வைத்துக்கொண்டு, நிதானமாகப் பெங்காலியில் சொன்னாள். "நான்தான் பார்த்தேன். ஒரு வார்த்தை கேட்காமல் விட்ட பாவி நான். ஏற்றியவன் இதோ நிற்கிறானே, இவன்தான். அழாதே. இவன் பக்கம் திரும்பாதே. சரி என்று தலையாட்டிவிட்டு என்னோடு கிளம்பு. நேரே புகார் கொடுக்கப் போகலாம்."

அந்த அம்மாள் அழவில்லை. சொன்னபடியே தலையாட்டினாள், எழுந்தாள், முந்தானையைப் பிழிந்துகொண்டாள். கிளியம்மாள் கூடையைத் தூக்கிக்கொண்டு முன்னால் நடந்தாள். பத்தடி போயிருந்தால் கேட் வந்திருக்கும்.

பெற்றவள் அல்லவா, அவளால் முடியவில்லை. நின்று, திரும்பி, லோகநாதன் முகத்தைப் பார்த்தாள். பார்த்துக்கொண்டே நின்றாள்.

அவன் அவளைப் பார்த்தான். பிறகு கிளியம்மாளைப் பார்த்தான்.

"இன்னா சொன்னே கிளிம்மா அதுங்கிட்ட?" என்று மெதுவாகக் கேட்டான். பதிலுக்குக் காத்திராமல் வாட்ச்மேன் பக்கம் திரும்பி, கேட்டைச் சாத்தச் சொன்னான்.