பக்கத்தில் ஆள் நிற்கக் கூடாது

அடுத்தவன் ஓட்டுகிற வண்டியில் உட்காரவே பஸ் டிரைவருக்குப் பிடிக்காது. அப்படிப்பட்ட மனுஷனை மார்பிலும் இடுப்பிலும் பட்டை கட்டி, மேலே இருக்கும் கம்பியிலிருந்து தொங்கவிட்டு, காலுக்கடியில் டிரெட்மில்லை ஓடவிட்டால் எப்படி இருக்கும்? ரிமோட் வேறு ஒரு சின்னப் பெண்ணின் கையில்.

"துணி காயப்போட்ட மாதிரி தொங்கவிட்டுட்டு நடங்கன்னு சொல்றியே, இதெல்லாம் ஒரு நடையா?" என்றார்.

"விழாம இருக்கத்தான் பட்டை, ஐயா. நடக்கிறது உங்க காலுதான்," என்றாள் பிசியோ பெண்.

"காலு நடக்குதா, மிஷின் இழுக்குதான்னு யாரு கண்டா?"

பக்கவாதம் அவருடைய இடது பக்கத்தை முடக்கிப் போட்டிருந்தது. வாயைத் தொடவில்லை. தொட்டிருந்தால் நன்றாயிருந்திருக்கும் என்று ஆஸ்பத்திரியில் பாதிப் பேர் நினைத்தார்கள். டிரெட்மில் கொஞ்சம் வேகமெடுத்தால் போதும், கிளட்சை மிதிப்பதுபோல இடது பாதத்தை அழுத்துவார். கீழே மிஷினின் ரப்பர் பட்டை அது பாட்டுக்கு ஓடும்; இவர் பின்னால் போய்த் தொங்குவார்.

இவருக்கும் அவசரம் இருந்தது. மகள் வெளியூரில் நிறைமாதமாக இருந்தாள். பயணம் கூடாது என்று அவளுடைய டாக்டர் சொல்லிவிட்டார். அம்மா போயே ஆக வேண்டும். ஆனால் இவர் கட்டிலிலிருந்து பாத்ரூம் வரை தனியாகப் போய் வந்தால்தான் வீட்டை விட்டு நகருவேன் என்று மனைவி ஒற்றைக் காலில் நின்றாள். ராத்திரிக்கு அவள் தம்பி வந்து படுத்துக்கொள்வான்; பகலுக்கு யார்?

அதனால் அவளும் தினம் கூடவே வந்தாள். அவருடைய இடது பக்கம், பரணிலிருந்து விழப்போகும் பானையைப் பிடிக்கப் போகிறவள் மாதிரி இரண்டு கையையும் நீட்டிக்கொண்டு நிற்பாள்.

அன்றைக்கு பிசியோ பெண் திடீரென்று, "அம்மா, நீங்க கொஞ்சம் வெளியில உக்காருங்களேன்," என்றாள்.

"நானா? எதுக்கு?"

"சும்மா, ஒரு தடவை."

மனைவி முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு போனாள். பிசியோ பெண் ஸ்கிரீனைக் காட்டினாள். எந்தக் கால் எவ்வளவு பாரம் தாங்குகிறது என்று இரண்டு பச்சைக் கம்பங்கள் ஏறி இறங்கிக்கொண்டிருந்தன. இத்தனை நாள் குட்டையாகக் கிடந்த இடதுகால் கம்பம் மெல்ல எழும்பியது.

"அம்மா பக்கத்துல நின்னா உங்க இடது கால் வேலையே செய்யிறதில்ல ஐயா. எப்படியும் பிடிச்சுக்குவாங்கன்னு சும்மா இருந்துடுது."

"பொய். அந்தப் பெட்டி நீ சொல்லிக்குடுத்ததைக் காட்டுது. அவளைக் கூப்பிடு."

வந்தாள். கம்பம் சுருங்கியது.

"போ வெளியில."

போனாள். கம்பம் எழும்பியது.

"வா உள்ள."

"என்னங்க, நான் என்ன ஊஞ்சப் பலகையா? வான்னா வரவும் போன்னா போகவும்?" என்று வாசற்படியில் நின்று கத்தினாள். ஸ்கிரீனில் கம்பம் மறுபடி சுருங்கிக்கொண்டிருந்தது. டிரைவர் அதையே முறைத்துப் பார்த்தார்.

வீட்டுக்கு வந்தார்கள். வாசலில் இறங்கியதும், "அப்ப நான்தான் உங்களுக்கு வியாதி, அப்படித்தானே?" என்றாள்.

"அப்படின்னு யாருடி சொன்னா? நீ இருக்கேன்னு தெரிஞ்சா காலு சோம்பேறியாயிடுது. அதுக்கும் என் புத்திதான்."

"அது மட்டும் நிஜம்," என்றாள். கொஞ்சம் சிரிப்பு வந்துவிட்டது.

மறுநாள் காலையில் அவளைச் சமையலறைக்குள் போகச் சொல்லிக் கதவைச் சாத்த வைத்தார். ஊன்றுகோலை வலது கையில் பிடித்து எழுந்தார். கட்டிலைத் தாண்டி, பீரோவைத் தாண்டி, பாத்ரூமுக்குத் திரும்பும் நடை வரைக்கும் சரியாகத்தான் போனது. அங்கே முழங்கால் நடுங்கியது. பிடிக்க ஆளில்லை, மேலே பட்டையும் இல்லை. சமையலறையில் பாத்திரம் தேய்க்கிற சத்தமும் நின்றுவிட்டது.

"ஒட்டுக் கேக்காதடி! பாத்திரத்தைத் தேய்!"

உள்ளே பாத்திரங்கள் உருண்டன, வேண்டுமென்றே. அந்த இரைச்சலுக்கு நடுவே பாரத்தை இடது காலில் இறக்கினார். தாங்கியது. இன்னொரு எட்டு வைத்தார். பாத்ரூம் கதவைத் தள்ளி உள்ளே போய், வந்த வேலையை முடித்துத் தண்ணீரும் ஊற்றினார்.

வெளியே வந்தபோது அவள் ஓடி வந்து கட்டிக்கொள்வாள், இல்லையென்றால் அழுவாள் என்று எதிர்பார்த்தார். ஆளைக் காணோம். நடந்து போய்ச் சமையலறைக் கதவைத் தள்ளிப் பார்த்தார். அவள் முதுகைக் காட்டிக்கொண்டு, ஈரக்கையோடு போனில் மகளிடம் கத்திக்கொண்டிருந்தாள்.

"வர்றேன்டி, நாளைக்கே கிளம்பறேன். தண்ணி ஊத்துன சத்தம் கேட்டுச்சு. ஆமா, உங்கப்பாதான். அவருக்கென்ன, இருப்பாரு. நீ துணியெல்லாம் எடுத்து வச்சியா? பழைய துணியா பாத்து வை..."

அவர் வந்து நிற்பதை அவள் கவனிக்கவே இல்லை. டிரைவருக்கு அது பிடித்திருந்தது. கூப்பிடாமல், நிலைப்படியில் சாயாமல், பேச்சு முடிகிற வரை அப்படியே நின்றார்.