வாசலுக்கு எட்டாத வைஃபை

கோதண்டத்துக்குத் தோள்பட்டை விண்விண்ணென்று தெறித்தது. அரக்கோணம் குட்ஷெட்டில் முப்பது வருஷமாக மூட்டை தூக்கிய தோள். முந்தின நாளும் சிமெண்ட் இறக்கிவிட்டுக் கடைசி ரயிலுக்குத் திருத்தணி திரும்பினார். வீட்டில் மனைவி ஜெயம்மா அடுப்படியில் விழுந்து கிடந்தாள். உடம்பு சில்லிட்டிருந்தது.

மகன் வேணு மஸ்கட்டில் லாரி ஓட்டுகிறான். முதலாளி லீவு தரவில்லை. “மொகத்தையாச்சும் காட்டு நைனா” என்று போனில் கதறினான். பக்கத்து வீட்டு சூர்யபிரகாஷ் அந்த 2009 பொங்கலுக்குத்தான் வைஃபை போட்டிருந்தான். காலையில் லேப்டாப்பைக் கொண்டுவந்து, ஜெயம்மாவைக் கிடத்திய அறையில் ஏதோ சினிமாவை ஓட்டிப் பார்த்தான். சுவருக்கு அந்தப் பக்கம்தான் மோடம்; படம் நிற்காமல் ஓடியது. மூன்று மணிக்கு வேணு லேப்டாப்பில் வருவான், பத்து நிமிஷம்தான் என்று ஏற்பாடாயிற்று. சூர்யபிரகாஷ் அதற்குச் சார்ஜ் ஏற்றத் தன் வீட்டுக்குப் போனான்.

இரண்டரைக்கு கோதண்டம்தான் சொன்னார், “வெளிய எடுத்துடுங்கபா.” அந்த வீட்டுக்குள் செல்போன் எடுக்காது, பேசுவதென்றால் எல்லோரும் தெருவுக்குத்தான் ஓடுவார்கள். இதுவும் அப்படித்தான் என்று நினைத்துக்கொண்டார். உள்ளே இருட்டு வேறு. வாசல் பந்தல் வெளிச்சத்தில் பிள்ளை நன்றாகப் பார்க்கட்டும். குளிப்பாட்டிப் பாடையில் வைத்தார்கள்.

மூன்று மணிக்கு வேணுவின் முகம் வந்தது. வாய் திறந்தபடி அப்படியே உறைந்துவிட்டது. சத்தம் மட்டும் விட்டு விட்டு வந்தது. “நைனா... கட்டம் கட்டமாத் தெரியுது... அம்மா எங்க?”

சூர்யபிரகாஷ் ஓடிப்போய் மோடத்தை வயர் எட்டும் மட்டும் இழுத்துப் பார்த்தான். “வாசலுக்கு எட்டல மாமா. உள்ள இருந்திருந்தா தெரிஞ்சிருக்கும். ஏன் மாமா வெளிய எடுத்தீங்க?”

“உள்ள தூக்குங்கடா” என்றார் கோதண்டம்.

ஜெயம்மாவின் தம்பி துரைக்கண்ணு குறுக்கே வந்தான். “இன்னா பாவா, வெளயாடுறியா? வாசல் தாண்டன பொணத்த எவனாச்சும் உள்ள இட்டாருவானா? ஊட்ல இன்னொண்ணு வுழும்.”

“மேளக்காரன் எவ்ளோ நேரம்தான் அடிச்சிகினு நிப்பான்?” என்றது கூட்டத்தில் ஒரு குரல்.

கோதண்டம் குனிந்து பாடையின் தலைமாட்டு மூலை ஒன்றைத் தூக்கினார். தோளில் ஏதோ பிடுங்கிக்கொண்டது. மற்ற மூன்று மூலைகளையும் யாரும் தொடவில்லை. ஜெயம்மாவின் தலை ஒரு பக்கமாகச் சாய்ந்தது. துரைக்கண்ணுதான் அவர் கைவிரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்துவிட்டான்.

லேப்டாப்பில் வேணு இல்லை. வெறும் கறுப்பு.

சுடுகாட்டில் ஒவ்வொருவராக வாய்க்கரிசி போட்டார்கள். கோதண்டமும் போட்டார். முறத்தில் ஒரு பிடி அரிசி மிச்சமிருந்தது. “யாராச்சும் வுட்டுப்போச்சா?” என்று வெட்டியான் கேட்டான். பெற்றவளுக்குப் பிள்ளை போட வேண்டிய வாய்க்கரிசி. வேணுவின் அந்தக் கடன் பாக்கி.