செங்கல்லின் மூன்றாம் பாகம்

1962 டிசம்பர், ஒரு ஞாயிற்றுக்கிழமை. சிங்கப்பூர் தேக்காவில் மாவு மில்லுக்கு மேலே இருந்த வாசிப்பு மன்றத்து அறையில் அன்று இருந்தவர்கள்:

துரைசாமி. மன்றச் செயலாளர். துறைமுகத்தில் பெரிய கிளார்க்.

அப்துல் கையூம். சிராங்கூன் ரோட்டில் ஜவுளிக்கடை. புத்தகத்தைக் கப்பலில் வரவழைத்துக் கொடுத்தவர்.

லீலா டீச்சர். தமிழ்ப் பள்ளியில் நாலாம் வகுப்பு எடுப்பவர்.

கோவிந்தசாமி. அச்சகத்தில் எழுத்துக் கோர்ப்பவர். அன்று ஊசி, நூல், பசை டப்பாவோடு வந்திருந்தார்.

ரவூப். செம்பவாங் நேவல் பேஸில் இரவு ஷிப்டில் பாய்லர் பார்ப்பவன். அறைச் சாவி அவனிடம்தான்.

இந்த ஐந்து பேருக்கும் நடுவே மேசைமேல் செங்கல்.

செங்கல் என்பது ஒரு நாவல். அதற்கு நீளமான, அழகான பெயர் ஒன்று உண்டு. இரண்டாவது வாரத்திலிருந்து அதை யாரும் சொல்லவில்லை. தொள்ளாயிரத்து அறுபது பக்கம். ஒரு மலைக்காடு, அதில் ஒரு காவலாளி, ஒரு வருஷம், அவ்வளவுதான் கதை. இந்தியாவில் பெரிய பரிசு வாங்கியிருந்தது. பரிசுச் செய்தியைப் பத்திரிகையில் படித்த துரைசாமி, 'இதைப் படிக்காத மன்றம் மன்றமே இல்லை' என்று சொல்ல, கையூம் நாகப்பட்டினத்துக்குக் கடிதம் போட்டார். ஒரு பிரதிதான் வந்தது. இன்னொன்று வரவழைக்க யாருக்கும் மனசில்லை.

ஐந்து பேர், ஒரு புத்தகம். ஒருவர் முடித்து அடுத்தவர் என்றால் இரண்டு வருஷம் ஆகும். கோவிந்தசாமி தையலைப் பிரித்து ஐந்து பாகமாக்கினார். சிமெண்டுப் பைக் காகிதத்தில் அட்டை போட்டு ஒன்று முதல் ஐந்து வரை எண் எழுதினார். ஆளுக்கு ஒரு பாகம். படித்து அலமாரியில் வைத்துவிட்டு அடுத்ததை எடுத்துக்கொள்ளலாம். அதனால் ஒரே நாளில் ஐந்து பேரும் ஐந்து இடத்தில் அந்தக் காட்டுக்குள் நுழைந்தார்கள். முதல் பாகம் செயலாளருக்கு. அது அவருடைய உரிமை. கடைசியாகச் சேர்ந்த ரவூப்புக்குக் கடைசிப் பாகம்.

முடிவை முதலில் படித்ததால் எதுவும் கெட்டுப்போகவில்லை. அந்தப் புத்தகத்தில் கெட்டுப்போக ஒன்றும் இல்லை. காவலாளி வேலையை விட்டு மலையிறங்கிப் போகிறான். இறங்க எண்பது பக்கம் ஆகிறது. வழியில் ஒரு பூச்சியைப் பார்க்கிறான். பூச்சிக்கு ஆறு பக்கம். ஒவ்வொரு மரத்துக்கும் ஒரு பெயர், ஒவ்வொரு பெயருக்கும் ஒரு கதை. ரவூப் சிங்கப்பூரில் பிறந்தவன். அவனுக்குத் தெரிந்த மரங்கள் ரம்புத்தானும் ரப்பரும் செம்பவாங் கரையோரச் சேற்று மரங்களும்தான், அவற்றுக்கும் மலாய்ப் பெயர்தான் தெரியும். இந்த ஆளுக்கு வேறு வேலை இல்லையா என்று எழுதியவரை மனசுக்குள் திட்டிக்கொண்டே முடித்தான்.

அதை ஒருமுறை வாய்விட்டும் சொன்னான். துரைசாமி சிரித்தார்.

"ஆறாங் கிளாஸ்ல நின்னவருக்கு இது கொஞ்சம் கனம்தான், தம்பி. மெதுவா படிங்க."

எல்லாரும் சிரித்தார்கள். ரவூப்பும் சிரித்தான். ஆறாம் வகுப்பில் நின்றது உண்மைதானே.

பிறகு லீலா டீச்சர் படித்து வைத்த மூன்றாம் பாகம் அவன் கைக்கு வந்தது. அட்டையில், படித்தவர்கள் கையெழுத்துப் போடும் இடத்தில், அவருடையது மட்டும் இருந்தது. அதில் பதினோரு நாள் மழை. குடிசையில் காவலாளி தனியாக இருக்கிறான். இருப்பது ஒரு அடுப்பு. நனையாத தீக்குச்சி ஒன்றுகூட இல்லை. நெருப்பு அணைந்தால் மறுபடி மூட்ட முடியாது. பதினோரு இரவும் அவன் நெருப்பைப் பார்த்துக்கொண்டு, வெளியே தவளைகள் கத்துவதைக் கேட்டுக்கொண்டு உட்கார்ந்திருக்கிறான். வேறு ஒன்றுமே நடப்பதில்லை. நூற்றுத் தொண்ணூற்றிரண்டு பக்கம்.

ரவூப்பின் வேலையும் அதுதான். நெருப்பு அணையாமல், அழுத்தம் இறங்காமல் பார்த்துக்கொள்வது. பாய்லர் கொட்டகைக்குப் பின்னால் சேறும் தவளையும். ஏழு வருஷமாக அந்தச் சத்தத்தை அவன் கேட்டுக்கொண்டிருந்தான். அப்படி உட்கார்ந்திருப்பதை ஒரு வேலை என்று வீட்டில்கூட யாரும் மதித்ததில்லை. எங்கோ ஓர் ஆள் அதைப் பக்கம் பக்கமாக எழுதி, அதற்குப் பரிசும் வாங்கியிருந்தான். எட்டாவது இரவில் காவலாளி ஒரு கண நேரம் கண்ணயர்ந்து பதறி எழும் இடம் வந்தபோது, ரவூப் எழுந்துபோய் அழுத்தமானியைப் பார்த்துவிட்டு வந்தான்.

முடித்ததும் திருப்பி வைத்திருக்க வேண்டும். வைக்கவில்லை. ஒரு மாதம் ஷிப்டு, காய்ச்சல் என்று சாக்குச் சொன்னான். பிறகு நாலாம் பாகம் அலமாரிக்குத் திரும்பிய ஒரு ஞாயிறு காலை, யாரும் வருமுன் அதன் தையலை அறுத்து இரண்டாக்கினான். முதல் பாதிக்குப் புது அட்டை போட்டு '3' என்று எழுதினான். மூன்றாம் பாகம் அவனுடைய துணிப்பையில் சாப்பாட்டு டப்பாவுக்குக் கீழே இருந்தது. பக்க எண்ணைப் பார்த்தாலே பிடிபட்டிருப்பான். மூன்று மாதம் யாரும் பார்க்கவில்லை.

அன்று எல்லாரும் எல்லாப் பாகங்களையும் முடித்தாகிவிட்டது. புத்தகத்தை மறுபடி ஒன்றாகத் தைப்பது, ஒவ்வொருவரும் முன்பக்கத்தில் கருத்து எழுதிக் கையெழுத்துப் போடுவது, இதுதான் ஏற்பாடு. ரவூப்பிடம் ஒரு திட்டம் இருந்தது. ஷிப்டு முடிந்து காலையிலேயே வந்து பக்கங்களைச் சேர்த்து வைத்துவிட்டால் யாருக்கும் தெரியாது. எட்டு மணிக்கு வந்துவிட்டான். கூட்டம் மூன்று மணிக்கு. ஏழு மணி நேரம் இருந்தது.

கடைசியாக ஒருமுறை என்று பெஞ்சில் சாய்ந்து எட்டாவது இரவைப் பிரித்தான். தூங்கிப்போனான். துரைசாமி கதவைத் தட்டியபோதுதான் விழித்தான். பக்கங்களை அள்ளிப் பைக்குள் திணித்துவிட்டுப் போய்த் திறந்தான்.

அந்தக் கதவைப் பற்றியும் சொல்ல வேண்டும். கூட்டம் தொடங்கினால் உள்ளே பூட்டிவிடுவார்கள். இல்லாவிட்டால் கீழே மிளகாய் அரைக்க வந்தவர்கள் ஏறி வந்து, மல்லி ஒரு கட்டி எடை என்ன விலை என்று கேட்பார்கள். மழைக்காலத்தில் கதவு உப்பிப்போகும். கைப்பிடியைப் பிடித்து ஒரு விரற்கடை தூக்கினால்தான் சாவி திரும்பும். அது ரவூப் ஒருவனுக்குத்தான் கைவந்திருந்தது.

அன்றும் அவன்தான் தூக்கிப் பூட்டினான். வெளியே நல்ல மழை. கோவிந்தசாமி பசையைக் கலக்கினார். கையூம் வடைப் பொட்டலத்தைப் பிரித்தார். கோப்பி வாசமும் கீழேயிருந்து வரும் மஞ்சள் நெடியும் பழைய காகித வாசமும் கலந்த அந்தக் காற்றை ரவூப் அதன்பிறகு எங்கேயும் சுவாசித்ததில்லை. இப்போது அந்த அறையில் வற்றல் மூட்டை அடுக்கியிருக்கிறார்களாம். துரைசாமி புக்கிட் மேரா அடுக்குமாடிக்குப் போய்விட்டார். அந்த ஞாயிறு போய் ஏழு வருஷம் ஆகிறது. பொல்லாத ஞாயிறு அது. அதையும் சேர்த்துத்தான் அவனுக்கு அந்த அறை வேண்டியிருக்கிறது.

துரைசாமி எழுந்து நின்று பேசினார். மன்றத்தில் அவர் உட்கார்ந்து பேசியதே இல்லை.

"நண்பர்களே, இது இயற்கையின் மாபெரும் காவியம். குறிப்பாக அந்த மூன்றாம் பாகம். அடடா! ஆசிரியர் அங்கே மௌனத்தாலேயே பேசிவிடுகிறார்."

"ரொம்ப மௌனம்லா," என்றார் கையூம், வடையை மென்றபடி. "நான் ரெண்டு தடவ கல்லாவுலயே தூங்கிட்டேன். நல்ல புத்தகம்தான், இல்லைங்கல. ஆனா ஒண்ணு சொல்றேன், கோச்சுக்காதீங்க. மூணாம் பாகம் படிக்கிறப்ப, எல்லாம் ஏற்கெனவே நாலாம் பாகத்துல படிச்ச மாதிரியே இருந்துச்சு. அதே பாறை, அதே கரடி. பெரிய எழுத்துன்னா அப்படித்தான் திரும்பத் திரும்ப வரும்போலன்னு விட்டுட்டேன்."

"அது உத்தி," என்றார் துரைசாமி.

ரவூப்புக்குச் சிரிப்பு முட்டியது. பை மடியில் கனத்தது. லீலா டீச்சர் அவனைப் பார்த்துக்கொண்டிருந்தார். அவர் பார்வை பைக்கு இறங்கி மறுபடி முகத்துக்கு வந்தது.

"நீங்க சொல்லுங்க டீச்சர்," என்றார் துரைசாமி.

"எனக்குப் பாதிப் புத்தகம் பிடிக்கல," என்றார் டீச்சர். "மரத்துக்கெல்லாம் மரியாதை குடுக்கிறாரு. அந்தக் காவலாளியோட பொண்டாட்டிக்கு ஒரு பேர்கூட வைக்கல. ஆனா மூணாம் பாகத்துல அந்த நெருப்ப அணையாம பாத்துக்கிற எடம்... அதுக்காக மத்ததெல்லாத்தையும் மன்னிச்சிடலாம்."

"ஆமா ஆமா, அந்த நெருப்பு!" என்றார் துரைசாமி. "காடே பற்றி எரிகிறதே, அந்த வர்ணனை!"

டீச்சர் அவரை ஒருமுறை பார்த்துவிட்டுக் கோப்பியை எடுத்துக்கொண்டார்.

கோவிந்தசாமி பாகங்களை அடுக்கித் தட்டி, முதுகில் ஊசி ஏற்ற ஆரம்பித்தார். அவர் நாவலைப் படித்தாரா என்று யாரும் கேட்டதில்லை. கேட்டால், நான் எழுத்தைப் பார்ப்பேன், கதையைப் பார்க்க மாட்டேன் என்பார். இரண்டாம் பாகத்தைத் தைத்து முடித்து அடுத்ததை எடுத்தவர், எச்சில் தொட்டு ஒரு தாளைப் புரட்டினார். திருப்பிப் புரட்டினார்.

"முந்நூத்தி எம்பத்து நாலுக்கு அப்புறம் ஐந்நூத்தி எழுபத்தேழு வருது."

"அச்சுப் பிழையா இருக்கும்," என்றார் துரைசாமி.

"நூத்தித் தொண்ணூத்திரெண்டு பக்கமாண்ணே அச்சுப் பிழை? இந்த அட்டையும் நான் போட்டதில்ல. மூணு போட்டிருக்கிறது என் கை இல்ல."

ரவூப்புக்கு இன்னமும் ஒரு வழி இருந்தது. பையில் தவறுதலாகத் தங்கிவிட்டது, மன்னிச்சிடுங்க என்று எடுத்து வைத்திருக்கலாம். எல்லாரும் நம்பியிருப்பார்கள். ஷிப்டு செய்கிறவன், தூக்கக் கலக்கம் என்று விட்டிருப்பார்கள். அடுத்த ஞாயிறும் அவன்தான் கதவைத் திறந்திருப்பான். துரைசாமி அதற்குள் வாயைத் திறந்தார்.

"நம்மில் யாரோ கவனமில்லாமல் படித்திருக்கிறார்கள்." பார்வை நேராக ரவூப்பிடம் வந்தது. "படிக்கத் தெரியாதவங்க கையில நல்ல புத்தகத்தைக் குடுத்தா இப்படித்தான்."

ரவூப் சாப்பாட்டு டப்பாவை எடுத்துக் கீழே வைத்தான். அதன் அடியிலிருந்து மூன்றாம் பாகத்தை எடுத்து மேசைமேல் வைத்தான். மூலைகள் மடங்கி, எண்ணெய்க் கைரேகை படிந்து, மற்ற நாலு பாகத்தையும்விடப் பழசாக இருந்தது.

"நாலு மாசமா என்கிட்டதான் இருக்குண்ணே. நாந்தான் எடுத்தேன். நாலாம் பாகத்த ரெண்டா வெட்டி வச்சதும் நாந்தான்."

"ஏன்?"

"திருப்பிக் குடுக்க மனசு வரல."

அத்தோடு நிறுத்தியிருக்கலாம். நிறுத்தவில்லை.

"நீங்க இப்ப மூணாம் பாகத்தப் பத்திப் பேசினீங்களே, அது எந்த மூணாம் பாகம்ண்ணே? காடு எரியவே இல்ல. பதினோரு நாளும் மழை. ஒரு அடுப்பு, அவ்வளவுதான்."

கையூம் மெல்லுவதை நிறுத்தினார். தான் ஒரே பக்கங்களை இரண்டு முறை படித்தது அப்போதுதான் அவருக்கு உறைத்திருக்க வேண்டும். "யா அல்லாஹ், அதே கரடியா?" என்றார். யாரும் சிரிக்கவில்லை.

"எனக்கு அப்பவே தெரியும்," என்றார் லீலா டீச்சர். "ரெண்டாவது தடவ படிக்கலாம்னு எடுத்தப்ப இல்ல. படிக்கிற ஆள்கிட்டதான் இருக்குன்னு விட்டுட்டேன்."

துரைசாமியின் காதுமடல் சிவந்தது. திருடியதற்காகத் திட்டுவார் என்று ரவூப் காத்திருந்தான். அவர் அதைப் பற்றிப் பேசவே இல்லை.

"சபை மரியாதை தெரியாதவங்களுக்கு மன்றத்துல எடமில்ல," என்றார். "சாவிய வச்சிட்டுப் போங்க தம்பி."

"துரை, சின்ன விஷயம், விடுங்க," என்றார் கையூம்.

"கையூம் நானா, நீங்க சும்மா இருங்க."

கையூம் சும்மா இருந்தார். டீச்சர் ஏதோ சொல்ல எழுந்தார். அவருக்கும் ஞாயிற்றுக்கிழமைக்கு இந்த ஓர் அறைதான் இருந்தது. உட்கார்ந்துவிட்டார். ரவூப் அவரைக் குறை சொல்லவில்லை, அன்றும் இல்லை, பிறகும் இல்லை. தான் சொன்னது உண்மை என்பதும், ஒரு மனுஷனை நாலு பேர் முன்னால் அப்படி உரித்திருக்க வேண்டாம் என்பதும் அவனுக்கு ஒரே நேரத்தில் தெரிந்திருந்தது.

கோவிந்தசாமி மட்டும் வேலையை நிறுத்தவில்லை. மூன்றாம் பாகத்தை அதன் இடத்தில் வைத்து, வெட்டுப்பட்ட நாலாம் பாகத்தைச் சேர்த்து, தையலைத் தொடர்ந்தார். ஊசி பக்கங்களுக்குள் போய் வருவதை ரவூப் பார்த்துக்கொண்டு நின்றான். எட்டாவது இரவு இனி தொள்ளாயிரம் பக்கத்துக்கு நடுவில் இருக்கும். அதைப் பிடிக்க வேண்டுமானால் முந்நூற்று எண்பத்து நாலு பக்க மரங்களைத் தாண்டித்தான் போக வேண்டும். ஒருவேளை அந்த ஆள் அப்படித்தான் எழுதியிருப்பானோ என்று முதல்முறையாகத் தோன்றியது. தோன்றியும் எரிச்சல் போகவில்லை.

"கையெழுத்துப் போட்டுட்டுப் போங்க," என்றார் கோவிந்தசாமி, நிமிராமலே.

துரைசாமி தடுக்கவில்லை. ரவூப் பேனாவை வாங்கி முன்பக்கத்தில் எழுதினான்: 'ரொம்ப நீளம். பக்கம் 385 முதல் 576 வரை நன்றாக இருக்கிறது. ரவூப்.'

கதவைத் திறந்து, சாவியை அதன் துளையிலேயே விட்டுவிட்டு, சாப்பாட்டு டப்பாவோடு படியிறங்கினான். பின்னால் கதவு சாத்தப்பட்டது. சாவி திரும்பும் சத்தம் கேட்கவில்லை. துரைசாமி மூச்சு வாங்க முறுக்கிக்கொண்டிருந்தார். சாவி கிறீச்சிட்டது, நின்றது, மறுபடி கிறீச்சிட்டது. உள்ளே யாருக்கும் அந்தப் பூட்டின் சூட்சுமம் தெரியாது.

நாலாவது படியில் ரவூப் நின்றான். அப்படியே விட்டுப் போகலாம்.

"கைப்பிடியப் பிடிச்சுக் கொஞ்சம் தூக்கிப் பூட்டுங்கண்ணே," என்றான்.

உள்ளே முறுக்கல் நின்றது. பிறகு மரம் உரசும் சத்தம். பூட்டு விழுந்தது.